ஒத்திகைக் கிராணி

கடல் தண்ணீரில் சோறு வடிக்க முடியுமா என்று என்னிடம் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். கேட்டதோடு நிற்கவில்லை. மறுநாள் ஒரு மண்ணெண்ணெய் டின் நிறையத் துறைமுகத்துத் தண்ணீரை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து என் சோற்றுக்கடை வாசலில் இறக்கிவிட்டார்.

“முழுக்க வேணாம்க்கா. மூணு பங்கு நல்ல தண்ணி, ஒரு பங்கு இது. உப்பு போடாதீங்க” என்றார்.

“எதுக்கு இந்தக் கூத்து?”

“நாங்க போற தீவுல நல்ல தண்ணி கிடையாது. இப்படி வடிச்சா ஒரு பங்கு மிச்சம்.”

வடித்துப் போட்டேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இலையில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். பிறகு வயிறு என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு மணி நேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். வயிறு ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. கறுப்பு அட்டை போட்ட நோட்டை எடுத்து, ‘சோறு: தகும்’ என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் பாதிக்குப் பாதி வடிக்கச் சொன்னார். அதை அவராலும் விழுங்க முடியவில்லை.

அப்போது நான் கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்தேன். ரப்பர் விலை விழுவதற்கு முந்திய காலம். மத்தியானத்தில் இலைக்கு ஆள் காத்து நிற்கும். அவர் நில அளவை ஆபீசில் கிராணி. மலாயாவில் எழுத்து வேலை பார்க்கிறவர்களையெல்லாம் அப்படித்தான் சொல்வோம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், இருந்தும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சோறு போடுகிறவள் எல்லோருக்கும் அக்கா. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் மனைவி சொர்ணம் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, நான் மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும்.

ஊரில் அவருக்கு ஒத்திகைக் கிராணி என்று பெயர். எதையும் ஒருமுறை பொய்யாகச் செய்து பார்க்காமல் நிஜமாகச் செய்ய மாட்டார். பல் பிடுங்கிக்கொள்ளப் போவதற்கு முந்தின நாள் என் கடை பெஞ்சில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஈ ஒன்று உள்ளே போய் வெளியே வந்தது. அவர் அசையவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேர் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்கள்.

சொர்ணம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தபோதும் அப்படித்தான். அவள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே குடையும் கையுமாகத் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார். கப்பலே இல்லாத கடலைப் பார்த்து இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். பிறகு பக்கத்தில் யாரோ கூட வருவதைப் போல மெதுவாக நடந்து, அந்தப் பக்கம் வெயில் படாமல் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ரயிலேறி வந்தார். ரயிலில் பக்கத்து இடத்தில் யாரையும் உட்கார விடவில்லையாம். பார்த்தவர்கள் வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அந்தக் காலி இடத்தை நினைத்தால் ஏனோ கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சொர்ணம் சிரிப்புக்காரி. இருபத்திரண்டு வயது. குழந்தை இல்லை. மலாயாவில் அவரைத் தவிர அவளுக்கு ஒரு நாதியும் கிடையாது. புருஷனைப் பற்றிக் கதை சொல்வதென்றால் அவளுக்குக் குஷி.

“கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டுத் தூணுக்கு மஞ்சக் கயிறு கட்டிப் பாத்தாராம்க்கா. மூணு முடிச்சும் சரியா விழுந்துச்சாம். என் நாத்தனார் இன்னும் அந்தத் தூணைத்தான் பெரிய அண்ணின்னு கூப்பிடுது.”

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபீஸ் விட்டு அவர் வரும் நேரத்தில் வீட்டு வாசல் படலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தெரு முனையில் குடை தெரிந்ததும் உள்ளே ஓடிப்போய் ஒன்றும் தெரியாதவளைப் போலப் பாத்திரத்தை உருட்டுவாள். என் கடைப் பின்கட்டிலிருந்து பார்த்தால் அவள் நிற்பதும் தெரியும், ஓடுவதும் தெரியும். தினமும் அதைப் பார்த்தபடிதான் நான் சாயங்கால உலையை வைப்பேன்.

தீவுப் பயணம் அவருடைய யோசனை இல்லை. அவர் ஆபீஸ் துரைக்குப் பறவைப் பைத்தியம். கிள்ளானிலிருந்து இரண்டு நாள் பாய்மரப் பயணத்தில், கடல் நடுவே யாரும் குடியிருக்காத சில தீவுகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, லீவு எடுத்துக்கொண்டு போய்ப் படம் பிடிக்க வேண்டும் என்று துடித்தார். ஏற்பாடு முழுக்கக் கிராணி தலையில் விழுந்தது. கூடவே இன்னொரு வேலையும் இருந்தது. படத்தில் பறவைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் அதன் அளவு பார்க்கிறவர்களுக்குத் தெரியுமாம். அந்த ஆளாக உட்காரவேண்டியதும் அவர்தான்.

ஒருநாள் தொங்காங் படகுக்காரர் ஒருவரை என் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். நாகூர்ப் பக்கத்து மரைக்காயர். படகுத் தலைவரானதால் எல்லோரும் தண்டல் என்பார்கள். அந்தத் தீவுகளுக்கு இரண்டு தடவை போய்வந்தவர். காப்பி கொடுத்தேன். இவர் நோட்டைத் திறந்தார்.

“அஞ்சாறு தீவு, கிட்டக் கிட்டக் கெடக்கு. கால் வைக்க எடம் இருக்காது, அம்புட்டுப் பறவை. ஆமை மணல்ல ஏறி முட்டை போடும். உடும்பு ஆள் நீளம். எதுவும் நம்மளைப் பாத்து ஓடாது” என்றார் தண்டல்.

“ஏன் ஓடாது?”

“ஓடணும்னு அதுக்குத் தெரியாது கிராணியாரே. மனுசனைப் பாத்திருந்தாத்தானே.”

“ஒரு பறவையைக் கையில தூக்கினா அதோட ஜோடி கத்தாதா?”

தண்டல் கொஞ்சம் யோசித்தார். “கத்தாது. லேசா நகர்ந்து வந்து அந்த எடத்துல உக்காந்துக்கும்.”

பென்சில் நின்றுவிட்டது. “அழவே அழாதா?” என்று கேட்டார்.

“பறவை எங்க அழும்? ஆனா எரைச்சல் இருக்கே, அதான் பொல்லாதது. ரெண்டு நாள்ல காது மரத்துப்போகும். கரைக்கு வந்தப்புறம் பக்கத்துல நின்னு பேசுறவன் எங்கேயோ தூரத்துல நிக்கிற மாதிரி இருக்கும். சரியாக ஒரு வாரம் ஆகும்லா.”

தண்டல் போன பிறகும் இவர் எழுந்திருக்கவில்லை. “லேசா நகர்ந்து உக்காந்துக்குமாம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது அவருக்கு ஏதோ பெரிய வசதியாகப் பட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒத்திகை தொடங்கியது. அவல், சுண்டை வற்றல், பொரிவிளங்காய் உருண்டை எல்லாம் என்னிடம் செய்யச் சொல்லி, எத்தனை நாளில் எது பூசணம் பிடிக்கிறது என்று பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பண்டமாரான் பக்கத்துச் சேற்றுக் கரையில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் என்று தனக்கும் விதித்துக்கொண்டார், சொர்ணத்துக்கும் விதித்தார். “நான் தீவுக்கே போகலயேக்கா, எனக்கு எதுக்கு ரெண்டு டம்ளர்?” என்று சிரித்துக்கொண்டே வந்து என் கடைப் பானையில் மொண்டு குடித்துவிட்டுப் போவாள்.

அசையாமல் உட்காருவதற்குக் காக்கையை வைத்துப் பழகினார். கிள்ளான் காக்கையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதுவும் நம்மைப் போலக் கப்பலேறி வந்ததுதான். தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று துரைமார்கள் சிலோனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள் என்பார்கள். கோலாலம்பூர்ப் பக்கம் அந்தச் சாம்பல் கழுத்துக் காக்கை அப்போது கண்ணில் படாது. பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த என் அண்ணன், அப்பாவின் திவசத்தன்று காக்கைக்குச் சோறு வைப்பதற்காகவே ரயிலேறிக் கிள்ளானுக்கு வருவான்.

தினமும் காலை எட்டு மணிக்கு வீட்டு வேலியோரம் முழங்காலில் ஒரு பிடி சோற்றை வைத்துக்கொண்டு அவர் உட்காருவார். முதல் வாரம் காக்கைகள் கூரையில் இருந்து பார்த்தன. இரண்டாவது வாரம் காலடியில் நடந்தன. ஒரு மாதத்தில் தோளில் ஏறி நின்றன. ஒருநாள் ஊறுகாய் கொடுக்கப் போன நான் அதைப் பார்த்தேன். தலையில் ஒன்று, தோளில் இரண்டு, மடியில் நாலைந்து. அவர் மூச்சு விடுவதாகவே தெரியவில்லை. ஒரு காக்கை அவர் கண்ணுக்கு நேராக அலகை நீட்டியது. கண் சிமிட்டவில்லை.

“பாத்தீங்களாக்கா, கல்லு மாதிரி இருக்காரு” என்றாள் சொர்ணம், பெருமையாக. ஊறுகாய் ஜாடியைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, கடையில் ஆள் இல்லாத பிற்பகலில் வந்து உட்கார்ந்தார். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் தவறிப்போன தகவல் வந்தப்ப நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?”

என் புருஷன் ரயில்வேயில் தண்டவாளம் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ்மேன். இரண்டு வாரத்துக்கென்று பிரிக்ஃபீல்ட்ஸுக்கு மாற்றி அனுப்பினார்கள்; போன எட்டாம் நாள் காய்ச்சலில் போய்விட்டான். அது நடந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருஷத்தில் ஒருத்தர்கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. என் முகத்தில் விழித்துவிட்டுப் பயணம் கிளம்பக் கூடாது என்று சந்து வழியாகச் சுற்றி நிலையத்துக்குப் போகிறவர்கள் இருந்த ஊர். என் கைச்சோறு மட்டும் அவர்களுக்கு வேண்டும். இந்த மனிதர் பயணத்துக்கே என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தார். கரண்டியை எடுத்து அடித்திருக்க வேண்டும். நான் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

கையில் அரிசிமாவு இருந்தது. காலை ரயிலில் வந்த கார்டு வாசலில் நின்று, “உக்காரும்மா” என்றார். யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று தெரியவில்லை. பெட்டிச் சாவி எங்கே என்று தெரியவில்லை. பத்தாம் நாள் வளையல் உடைத்த கிழவிகள், சேதி வந்ததற்கு முந்தின நாள்வரை என்னோடு தாயம் ஆடியவர்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் குனிந்து எழுதினார். சொல்லி முடித்தபோது எனக்கு மனசு லேசாக இருந்தது, அதை மறைப்பானேன். அவர்மேல் பிரியம்கூட வந்தது.

“திடீர்னு வந்ததுதான் உங்களுக்குக் கஷ்டம். சொர்ணத்துக்கு இங்க யாருமில்லை. கடல் பயணம், எது வேணா நடக்கலாம். அவளுக்குத் திடீர்னு வரக்கூடாதுக்கா. ஒருவாட்டி செஞ்சு பாத்துட்டா பயம் போயிரும்” என்றார்.

அவர் திட்டம் இது. வெள்ளிக்கிழமை காலையில் நிஜப் பயணத்துக்குப் போவதைப் போலவே பெட்டியோடும் குடையோடும் கிளம்புவார். தண்டலின் படகில் ஏறி, ஆற்று முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டுத் தங்குவார். சனிக்கிழமை காலையில் அவர் திரும்பி வரமாட்டார் என்ற தகவல் சொர்ணத்துக்குப் போகும். அவர் எழுதிக்கொடுக்கும் வரிசைப்படி அவள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்க்க வேண்டும். திங்கட்கிழமை அவர் வந்துவிடுவார். இது ஒத்திகைதான் என்று சொர்ணத்திடமும் முன்பே சொல்லி, தாலியை மட்டும் தொட வேண்டாம் என்றிருந்தார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை.

தண்டல் தகவல் கொண்டுபோக மறுத்துவிட்டார். “பொய்யா மௌத்துச் சேதி சொல்ல மாட்டேன் கிராணியாரே. ஆண்டவன் கேப்பான்” என்றார். அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது. முடியாது என்று முதலில் சொன்னேன். பிறகு, எனக்கு யாராவது இப்படி முன்கூட்டிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போனேன். தலை குளித்துப் பூ வைத்துக்கொண்டு, முறத்தில் அரிசி பார்த்தபடி எனக்காகக் காத்திருந்தாள். “வாங்கக்கா, சொல்லுங்க சொல்லுங்க” என்றாள், விளையாட்டுக்குக் கூப்பிடுகிற முகத்தோடு. நானும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட வேண்டும் என்று எண்ணித்தான் போயிருந்தேன். ஆனால் அந்தக் கார்டு என்னிடம் சொன்ன குரல்தான் என் வாயிலிருந்து வந்தது.

“உக்காரும்மா சொர்ணம். கிராணியார் போயிட்டாரு.”

அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு முறத்தைக் கீழே வைத்தாள். “அடுத்து என்னக்கா?” என்றாள். பெட்டியில் உள்ள பத்திரங்களை எடுக்கச் சொன்னேன், எடுத்தாள். அண்ணனுக்குக் கடிதம் எழுதச் சொன்னேன், எழுத உட்கார்ந்தாள். ‘அன்புள்ள அண்ணாவுக்கு’ என்று எழுதியவள் அதற்குமேல் எழுதாமல் என் மடியில் விழுந்தாள். மத்தியானம்வரை அழுதாள். பொய்தானே, திங்கட்கிழமை வந்துவிடுவாரே என்று சொல்ல வேண்டியவள் நான். நானும் சேர்ந்து அழுதேன். என் புருஷனுக்காக அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் அழுது தீர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அழவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள். திங்கட்கிழமை காலையில் நான் போனபோது ஈரத் தலையோடு வேலியோரம் நின்றிருந்தாள். கையில் வாழை இலைத் துண்டு, அதில் ஒரு பிடி சோறு. இது அவர் எழுதிக்கொடுத்த எதிலும் இல்லை.

“இதை யாருடி சொன்னது?”

“யாரும் சொல்லலக்கா. சோறு வடிச்சேன். அவருக்குன்னு ஒரு பிடி எடுத்தேன். எங்க வைக்கிறதுன்னு தெரியல, இங்க வந்தேன்.”

இலையைத் தரையில் வைத்தாள். எங்கள் வீடுகளில் காக்கை வந்து சோற்றை எடுப்பதற்கு எவ்வளவு நேரம் கூப்பிட்டுக்கொண்டு நிற்போம் என்று எல்லோருக்கும் தெரியும். எடுக்காவிட்டால் போனவருக்கு ஏதோ குறை என்று தவித்துப்போவோம். சொர்ணம் வாயைத் திறந்து கூப்பிடக்கூட இல்லை. அவள் கையை எடுப்பதற்குள் கூரையிலிருந்தும் மாமரத்திலிருந்தும் எல்லாக் காக்கையும் ஒன்றாக இறங்கின. ஒரு பருக்கை மிச்சமில்லை.

“பைத்தியமே, தினமும் இந்த நேரத்துக்கு இங்க வந்து தின்ன காக்கா அது. அவரே பழக்கினதுடி” என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“தினமும் அவர் மடிக்குத்தானே வரும். இன்னைக்கு அவர் இல்லாமலே வந்துச்சே” என்றாள் அமைதியாக. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பிற்பகலில் அவர் வந்தார். என் கடைக்கு வந்து என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார். வாசலில் நின்று, “வந்துட்டேன்” என்றார். சொர்ணம் உட்கார்ந்த இடத்திலிருந்து ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். அவர் உற்சாகமாக நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் மறைக்காமல் சொன்னாள்.

“முதல் நாள் மத்தியானம்வரைக்கும் அழுதேன். மறுநாள் பசிச்சுது.”

“மறுநாளே பசிச்சுதா? ரொம்ப நல்லது” என்று எழுதிக்கொண்டார். “வேற?”

“இன்னைக்குக் காக்காவுக்கு வெச்சேன். உடனே எடுத்துருச்சு.”

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சொர்ணத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேளைக்குச் சமைத்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். படலைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும் நின்றுபோனது. ஐந்து மணிக்குக் குடை வரும்; அவள் உள்ளே ஏதாவது வேலையாக இருப்பாள். ஆறு மணிக்கு வந்தாலும் அப்படித்தான், ஏழு மணிக்கு வந்தாலும் அப்படித்தான். ஒருமுறை பேச்சுவாக்கில் என்னிடம், “அவருக்கு மொச்சைக்கொட்டைக் குழம்புன்னா உசிரு. எவ்வளவு ஊத்தினாலும் சாப்பிடுவாரு, பாவம்” என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையில் கை அப்படியே நிற்பது கதவிடுக்கில் எனக்குத் தெரிந்தது.

“அக்கா, அவ எனக்காகக் காத்திருக்க மாட்டேங்கிறா” என்று என்னிடம் வந்து சொன்னார். அவர் கேட்டது அதைத்தானே என்று சொல்ல நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்வதைச் சொல்லி அனுப்பினேன்.

பயண நாள் வந்தது. துறைமுகத்தில் நாங்கள் இருவரும் வழியனுப்ப நின்றோம். துரை முதலிலேயே படகில் ஏறிவிட்டார். இவர் பெட்டியை ஏற்றினார், குடையை ஏற்றினார். பிறகு இறங்கி வந்து சொர்ணத்தின் முன்னால் நின்றார். ஒத்திகை பார்க்காத பேச்சை அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான், வார்த்தை தடுமாறியது.

“சொர்ணம், ஒருவேளை… நான் திரும்பி வரலேன்னா…”

“அதான் முடிஞ்சு போச்சே” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மறந்துவிட்டவருக்கு நினைவுபடுத்துகிறவளைப் போலத்தான் சொன்னாள். அவர் அப்படியே நின்றார். தண்டல் இரண்டு முறை கூப்பிட்டார், துரை ஒருமுறை கத்தினார். கடைசியில் அவர் பெட்டியை மட்டும் கரையில் இறக்கி வைத்துவிட்டுப் படகு போயிற்று. குடையை இறக்க யாருக்கும் நினைவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துத் துரையும் தண்டலும் திரும்பி வந்தார்கள். பறவைக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாததால் துரை அந்தக் குடையைப் பாறை இடுக்கில் ஊன்றிப் படம் எடுத்திருந்தார். படத்தின் பிரதி ஒன்றை ஆபீசில் இவருக்குக் கொடுத்தார்கள். பாறை முழுக்க வெள்ளைப் பறவைகள், நடுவில் விரித்த கறுப்புக் குடை. குடைக்குக் கீழே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு, பறவைகள் சுற்றி உட்கார்ந்திருந்தன. யாரோ இப்போதுதான் எழுந்து போனதைப் போல இருந்தது அது. அடுத்த தடவை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அந்தப் படம் கூடத்தில் தெற்குப் பார்த்து மாட்டியிருந்தது. கண்ணாடியில் சந்தனப் பொட்டு. ஒரு முழம் பூ.

“இதைக் கழட்டுடி” என்றேன்.

“அவருக்குன்னு இருக்கிறது இது ஒன்னுதானேக்கா” என்றாள்.

அவர் அதைக் கழற்றவில்லை. அவள் பூ வைக்கும்போது பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவளே சொன்னாள். காக்கைகளோடு உட்கார்ந்த மாதிரியே, கண் சிமிட்டாமல்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு அவர் வீட்டுக்கு நேரே போவதை விட்டுவிட்டார். ஐந்து மணிக்கு வந்து, என் கடைப் பின்கட்டில் கீற்றுச் சாய்ப்புக்குக் கீழே நின்று தன் வீட்டு வாசலையே பார்ப்பார். அரை மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம். வாசல் காலியாகவே இருக்கும். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மழையில் போவார். அந்தக் குடை தீவிலேயே போய்விட்டது. புதிது வாங்கிக்கொள்ளவில்லை. நான் உலை வைக்கும்போது முதுகுக்குப் பின்னால் அவர் நிற்பது தெரியும். திரும்ப மாட்டேன்.

ஒருநாள் அவர் பேசினார்.

“அக்கா, நீங்கதானே போய்ச் சொன்னீங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க.”

“என்னத்தைச் சொல்ல?”

“நான் இருக்கேன்னு.”

கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். நிஜமாகவே ஒரு சேதி கொண்டுபோகிறவள் போலத்தான் நடந்தேன். அவர் பின்னாலேயே வந்து வேலிக்கு வெளியே நின்றுகொண்டார். சொர்ணம் கூடத்தில் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் உட்காரவில்லை. அன்றைக்குச் சொன்னதைப் போலவே வாசல்படியில் நின்று, ஆனால் அன்றைக்கைவிட உரக்கச் சொன்னேன்.

“சொர்ணம், கேட்டுக்கோ. கிராணியார் உசிரோடதான் இருக்காரு. ஒன்னும் ஆகல. வாசல்ல நிக்கிறாரு.”

அவள் கை முறத்தில் நின்றது. என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. எழுந்து ஓடப்போகிறாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது என்பதைப் போலக் குரலைத் தாழ்த்தினாள்.

“இந்த ஒத்திகை எத்தனை நாளைக்குக்கா?”

அவள் குனிந்து மறுபடி அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். வேலிக்கு வெளியே மழையில் அவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.